சங்கு ஊதியதும் கதவைச் சாத்தியவர்கள்

தம்பி,

நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இந்தத் தடவை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் கேட்கிற தகுதி அதற்குப் பிறகும் எனக்கு மிஞ்சினால் கேட்கிறேன். ஏரிக்கரையில் பாறை வெடிக்க வைத்திருக்கும் சைரனை வெள்ள எச்சரிக்கைக்கும் சேர்த்துப் பயன்படுத்தாதே. கூட்டத்தில் யார் யார் ஒத்துக்கொண்டிருந்தாலும் சரி, நீயே எழுந்து நின்று அதை மாற்று. போனிலும் இதைத்தான் சொன்னேன். "ஏன்ப்பா? உங்களுக்கு ஒண்ணே போதும்னுதானே இருந்துச்சு?" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ பதிலுக்குக் காத்திருந்து மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது.

நீ கேட்ட அந்த 'ஏன்' என்பதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று கூரியரில் காட்மாண்டுவுக்கு, நீ மலைக்கு ஏறுவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு. செயலாளர் இரண்டு மாதமாக 'வளைகுடாவில் என் சாதனை' என்று ஒரு கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று தேர்தலாக என்னைத் துணைத் தலைவராகக்கூட நிறுத்தாதவருக்குக் கட்டுரை மட்டும் வேண்டுமாம். தரக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது இதைக் கொடுக்கப் போகிறேன், போட்டுக்கொள்ளட்டும். அந்த மேடையில்தானே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். பொய்யை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு உண்மையை உறைக்குள் ஒட்டி அனுப்புவது நியாயமாகப் படவில்லை. மூன்றாவது பிரதி யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் வந்த உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். ஏரியின் வாயில் கால்வாய் வெட்டித் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கப்போகிறீர்கள், பனி இல்லாத மாதங்களில் மட்டும்தான் வேலை நடக்கும், முடிய எத்தனை கோடை ஆகுமோ தெரியாது என்று எழுதியிருந்தாய். ஏரியைத் தாங்கி நிற்பது பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன கல்லும் மண்ணும்தான் என்று படம் போட்டுக் காட்டியிருந்தாய். வேலையாட்களின் கூடாரங்களும் கிராமத்தின் மேல்கோடி வீடுகளும் நேர் கீழே இருக்கின்றன, அவ்வளவு தூரத்துக்கும் சைரன் சத்தம் எட்டும், அதனால் ஒன்றே போதும் என்று நீதான் கூட்டத்தில் சொன்னாயாம். "எங்க அப்பா ராஸ் அல் கைமாவில் ஒரே சைரனை வைத்து அறுபது பேரைக் காப்பாற்றினார் என்று சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார்கள்." பெருமையோடு எழுதியிருந்தாய், எழுத்தே சற்றுப் பெரிதாகியிருந்தது. படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் படித்து, மடித்து, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இப்பவாவது நீங்க சொல்லுதியளா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள்.

சொல்லுவதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று. உன் அத்தையோடு நான் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அத்தை மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஈ. என்று போடாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு மேலே அச்சாகியிருந்த மைத்துனர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பி.காம். இருந்தது. அச்சகத்தான் விட்டிருப்பான் என்று அத்தை அழுதுகொண்டே சொன்னாள். நான் கேட்கவில்லை. நீ அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்திருக்க வேண்டியவன், உன் ஒன்பது கோடை விடுமுறைகளை நான் இரண்டு எழுத்துக்காக எடுத்துக்கொண்டேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஒரு மனிதன் செத்ததும் இதே குணத்தால்தான். பத்திரிகையில் தொடங்குகிற குணம் பத்திரிகையோடு நிற்பதில்லை.

நீ இங்கே லீவுக்கு வந்தபோது எங்கள் குவாரியைப் பார்த்திருக்கிறாய். மலையை உடைத்ததில் பாதிதான் விற்கும். மீதி தூசியும் பொடிக்கல்லும், எங்கேயாவது கொட்டியாக வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர்கள் பக்கத்து வாதியின் குறுக்கே வருடக்கணக்கில் கொட்டினார்கள். வாதி என்பது வருடத்தில் பத்து நாள் ஆறாகவும் மற்ற நாள் வெறும் கூழாங்கல்லாகவும் கிடப்பது, அதனால் யாரும் அதை ஆறாக நினைக்கவில்லை. கொட்டியது கரையாகிவிட்டது. ஒரு குளிர்காலம் மழை சற்றுக் கூடப் பெய்தது, கரைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, பச்சையாக ஒரு குளம். கரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டரில் எங்கள் லேபர் கேம்ப், ஆறு வரிசைத் தகர அறைகள். பாலைவனத்தில் வேலை செய்யவந்தவன் தண்ணீரில் சாகப்போகிறான் என்று யார் நினைப்பார்கள்? நான் நினைத்தேன். அதை மட்டும் என்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நான்தான் முதலில் நினைத்தேன்.

கரையின் ஓரத்தில், மலையின் இயற்கைப் பாறை தொடங்குகிற இடத்தில், ஒரு கால்வாய் வெட்டினேன். கம்பி வலைக்குள் கல்லை அடுக்கி அதன் அடியையும் பக்கங்களையும் கட்டினேன். மூன்று குழாய்களைக் கரைக்கு மேலே வளைத்துப் போட்டு, பம்பு இல்லாமல் தண்ணீர் தானே ஏறி இறங்கும்படி இழுக்கவைத்தேன். முதல் குழாயில் காற்று வெளியேறித் தண்ணீர் கொப்பளித்து விழுந்தபோது நான் சிரித்தேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். குளத்துக்குள் அளவுகோல் நட்டுச் சிவப்புக் கோடு போட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் கேம்பைத் தொட இருபது நிமிடம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கணக்கில் எனக்குத் தப்பே வந்ததில்லை, என் வியாதியே அதுதான்.

மிச்சம் எச்சரிக்கை. குவாரியில் தினமும் நான்கு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன் சைரன் ஊதும். நம் ஆட்கள் அதைச் சங்கு என்பார்கள், ஊரில் மில் சங்கு என்கிற மாதிரி. சங்கு ஊதினால் கேம்பில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை வெடித்த கல் பறந்துவந்து குளிக்கும் இடத்தின் கூரையைத் துளைத்ததிலிருந்து அந்த விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். சங்கு ஊதிய பிறகு வெளியே நின்றவனுக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று கடிதம் சேர்ந்தால் விசா கேன்சல். ஆறு வருடம் அதைக் கண்டிப்பாக நடத்தினேன். ஒருவன் தலையில் சோப்போடு ஓடுவான், ஒருவன் பாதி சவரத்தோடு ஓடுவான். அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருக்கும்.

வெள்ளத்துக்கு வேறொரு சைரன், வேறொரு சத்தம் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். அந்த மேசைக்கு நான் வரவேண்டியவன். என்னைவிட எட்டு வயது இளையவர், டிப்ளமோ படித்தவர், பேசத் தெரிந்தவர் அதில் உட்கார்ந்திருந்தார். இதை எழுதும்போதும் அவர் பெயரை எழுதக் கை வரவில்லை, பார்த்துக்கொள். அவர் முன் போய் நின்று "சார், ஒரு சைரன் வேண்டும்" என்று கேட்க என்னால் முடியவில்லை. கேட்காததைக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருக்கிற சங்கையே இரண்டு விதமாக ஊதினால் போதுமே! விட்டு விட்டு மூன்று முறை என்றால் வெடி, நிறுத்தாமல் ஊதினால் வெள்ளம், மேட்டுக்கு ஓடு. ஆங்கிலத்திலும் அரபியிலும் இந்தியிலும் அறிவிப்பு அடித்து ஒட்டினேன். ஒத்திகை வைக்கவில்லை. ஒத்திகைக்குக் கல் உடைக்கும் கிரஷரை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும், அதற்கும் அதே மேசைக்குத்தான் போக வேண்டும்.

ஒட்டிய அன்று அறிவிப்புக்கு முன்னால் ஒரு கூட்டம். அதில் முனியசாமி இருந்தார், முதுகுளத்தூர் பக்கத்து ஆள், டிரில்லிங்கில் வேலை. நாற்பது வயதிருக்கும். எதையும் பணிவாகக் கேட்பார், ஆனால் கேட்காமல் விடமாட்டார்.

"சார், இதுல என்ன போட்டிருக்கு?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டி யோசித்தார்.

"அப்ப விட்டு விட்டு ஊதுனா வெடி. விடாம ஊதுனா தண்ணி. செரி. ஆனா சார், ஊத ஆரம்பிச்ச ஒடனே அது விட்டு ஊதப்போகுதா, விடாம ஊதப்போகுதான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்? மொத ஊதுக்கு உள்ள போகவா, வெளிய நிக்கவா?"

"வெளிய நின்னீருன்னா மூணாவது லெட்டர் வாங்கிட்டு ஊருக்குப் போவீரு. வீட்டுல தங்கச்சி சமைச்சுப் போடும்" என்று பின்னால் ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அஞ்சு விநாடி நின்னு கேளுய்யா, தெரியும்" என்றேன்.

"கேக்குறதுதேன் சார். காலு கேக்கணுமே. அது நீங்க பழக்குன காலு, சத்தம் கேட்டா தன்னால உள்ளாற போயிருமே."

தம்பி, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. "உமக்கு எதுக்குய்யா இந்த வக்கீல் வேலை, போய் டூட்டியைப் பாரும்" என்று விரட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் தாவா வந்தான். கரையில் அளவுகோலைப் பார்க்கப் போட்டிருந்த நேபாளத்து ஆள், கையில் ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தோம். முப்பது வயது, அதிகம் பேசமாட்டான். ஸ்டோரில் நான் சாகுல் பாயோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாய் காயல்பட்டினத்துக்காரர், ஸ்டோர்கீப்பர். தாவா வாசலில் நின்று இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "சாப், எங்கள் மலையிலும் இப்படி ஓர் ஏரி இருந்தது. நான் சின்னவனாக இருந்தபோது உடைந்து வந்தது. முதலில் ஆற்றில் மண் வாசனை வந்தது. வாசனை பிடித்து மேலே ஓடினவர்கள் பிழைத்தார்கள், வீட்டுக்குள் போனவர்கள் போனார்கள். இங்கே சங்கு ஊதினால் எல்லாரும் வீட்டுக்குள்தான் போவார்கள், சாப். கிரஷரில் கழற்றிப் போட்ட இரும்புத் தகடு கிடக்கிறது. அதைத் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடிக்கலாம். அந்தச் சத்தத்தை இங்கே எவனும் கேட்டதில்லை. கேட்டால் எல்லாரும் என்ன என்று வெளியே வருவார்கள்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. படிக்காதவன் சொன்னான் என்பதாலா, சரியாகச் சொன்னான் என்பதாலா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "தூ இஞ்சினியர் ஹை க்யா, பகாடி?" என்றேன். நீ என்ன என்ஜினியரா, மலைக்காட்டானே? "மணி கட்டி அடிக்க இதென்ன கோயிலா? நான் போய்ச் சாமி கும்பிட்டால் மழை நிற்குமா?" சாகுல் பாய் சிரித்தார், நான் சிரிக்கச் சொன்ன மாதிரிப் பார்த்ததால் சிரித்தார். தாவா "டீக் ஹை, சாப்" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லது ஐயா, அவ்வளவுதான்.

அது நடந்தது டிசம்பரில் ஒரு வேலைநாள், பிற்பகல் இரண்டரை மணி. மலைமேல் கறுத்திருந்தது, கேம்பில் ஒரு சொட்டு இல்லை. இரவு ஷிப்டுக்காரர்கள் அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மற்றும் சிலர் வெளியே துணி துவைத்துக்கொண்டும் சீட்டு ஆடிக்கொண்டும் இருந்தார்கள். முனியசாமிக்கு விரலில் அடிபட்டு லீவு, அதனால் அன்றைய மெஸ் சமையலை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் தாவாவின் குரல் வந்தது. "சாப், லால் லகீர். பானி லால் லகீர் பே." சிவப்புக் கோடு. எனக்கு இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடத்தில் நொண்டியும் மேட்டுக்கு ஏறிவிடலாம். ஆபீசிலிருந்து கேம்ப் நன்றாகத் தெரியும். சுவிட்சை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன்.

அவர்கள் உள்ளே போனார்கள்.

சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் இடிக்காமல், ஆறு வருடம் நான் பழக்கியபடி, வரிசையாகப் போய் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். சமையல் கொட்டகையிலிருந்து முனியசாமி வெளியே வந்தார், ஒரு கணம் நின்றார். நின்று கேட்டார், தம்பி. நான் சொன்ன ஐந்து விநாடி. மலையைப் பார்த்தார், ஆபீஸ் பக்கம் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் இன்னும் பலமாக அழுத்தினேன், பலமாக அழுத்தினால் சத்தம் மாறிவிடும் என்பதுபோல. ஒரு ஆள்கூட வெளியே இல்லை. எவ்வளவு நேரம் அழுத்தினேன் தெரியுமா? எட்டு நிமிடம். ஓடியிருக்கலாம். ஆபீசுக்கும் கேம்புக்கும் நடுவில் ஒரு மண் ரோடுதான். என் ஏற்பாடு வேலை செய்யும் என்று நிரூபித்துவிட வேண்டும் என்று அங்கேயே நின்றேன்.

ஓடியது தாவா. கரையிலிருந்து கூழாங்கல்லில் ஒரு கிலோமீட்டர், தண்ணீருக்கு முன்னால் ஓடிவந்தான். கையில் கிடைத்த ஒரு இரும்புக் கம்பியால் தகரக் கதவுகளில் அடித்தான். "பாஹர்! ஊப்பர்! பானி!" வெளியே, மேலே, தண்ணீர். கதவு திறந்து திறந்து ஆட்கள் லுங்கியோடு மேட்டுக்கு ஓடினார்கள். ஐந்து வரிசையை அவன் காலி செய்தான். ஆறாவதை எட்டும்போது தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. என் கால்வாய் தாங்கியது, கரை மொத்தமாக உடையவில்லை, அதனால்தான் மற்ற வரிசைகளில் இடுப்பளவோடு நின்றது, பள்ளத்தில் இருந்த ஆறாவது வரிசையில் மட்டும் கூரைவரை ஏறிவிட்டது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் உண்மை. அந்த அறைகளின் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. வெளியே தண்ணீர் அழுத்தினால் திறக்காது. ஒரே ஜன்னல், அதிலும் ஏசி பெட்டி. மற்ற அறைகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஏசியை உதைத்து வெளியே தள்ளிவிட்டு அந்த ஓட்டை வழியாக வந்துவிட்டார்கள். முனியசாமியின் அறைக்காரர்கள் எல்லாரும் டூட்டியில். ஒரு கையில் கட்டு. அவர் தனியாக இருந்தார்.

தண்ணீர் வடிந்தபின் சமையல் கொட்டகைக்குப் போனேன். அது கேம்பின் மேட்டுப் பக்கத்தில் ஒரு மேடையின் மேல் இருந்தது, தரை நனையவில்லை. அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. குழம்புச் சட்டி மூடியிருந்தது. விதிப்படி எல்லாம் செய்துவிட்டுப் போயிருந்தார். விதியை மீறி அங்கேயே நின்றிருந்தால் இன்று உயிரோடு இருப்பார்.

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன். எச்சரிக்கைச் சைரன் உரிய நேரத்தில் ஒலிக்கப்பட்டது என்று எழுதினேன். உண்மை. அறுபதுக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர் என்று எழுதினேன். அதுவும் உண்மை. கரைக் காவலாளி அனுமதியின்றித் தன் இடத்தை விட்டு அகன்றார் என்று எழுதினேன். அதுவும் உண்மைதான், தம்பி. மூன்று உண்மைகளை அடுக்கி ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன், கல்லை அடுக்கிக் கால்வாய் கட்டுவதைவிட அது சுலபம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தாவாவைக் கேன்சல் பண்ணி அனுப்பினார்கள். போகும் அன்று ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்தான். ஏதாவது திட்டுவான் என்று நின்றேன். "சாப், அந்த இரும்புத் தகடு அங்கேயே கிடக்கிறது" என்றான். வண்டியில் ஏறிவிட்டான்.

முனியசாமியின் மனைவிக்கு நான்தான் தமிழில் கடிதம் எழுதினேன், கம்பெனி கேட்டுக்கொண்டதால். எப்படி இறந்தார் என்று எழுதவேண்டுமே. எல்லாரும் மேலே ஓடியபோது தன் பெட்டியை எடுக்க அறைக்குத் திரும்பினார் என்று எழுதினேன். இதற்குமேல் கீழே இறங்க எனக்கு இடமில்லை. அந்த அம்மாள் ஐந்து வருடமாக என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? ஒரு தகரப் பெட்டிக்காகப் போய்ச் செத்தானே மனுசன், அதில் தான் கேட்டனுப்பிய சேலை ஏதாவது இருந்திருக்குமோ என்று நினைத்திருப்பாள். பேராசையால் செத்தவன் என்று உறவில் எவனாவது சொல்லியிருப்பான்.

பிறகுதான் சங்கத்து மேடை. அறுபது பேரைக் காத்த பொறியாளர் என்றார்கள். தாவா காத்த அறுபது பேரை எனக்குப் போர்த்திக்கொண்டேன். நீ அப்போது கல்லூரி முதல் வருடம், லீவுக்கு வந்திருந்தாய். திரும்பி வரும்போது காரில், "நானும் தண்ணீர் சம்பந்தமாத்தான்ப்பா படிப்பேன்" என்றாய். நான் பெருமையாகக் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ தூங்கியபின் அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த நேபாளத்துக்காரன் பேர ஒரு தடவயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சாகுல் பாயின் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாய்தான் பின்னொரு நாள் ஸ்டோரின் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே புத்தம் புதிய சைரன், வேறு சத்தம் போடுவது. "ரெண்டு வருசமா இது இங்கனதான் கெடக்கு சார். ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்திருந்தியள்னா அன்னைக்கே எடுத்துத் தந்திருப்பனே." மேனேஜர் கையெழுத்துப் போட்டிருப்பாரா? போட்டிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணம்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை.

இனி உனக்கு. உன்னிடம் மலைக்காரர்கள் ஏதாவது சொல்ல வந்து வாசலில் நின்றால், முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவை. நின்றுகொண்டிருப்பவன் சொல்வது நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. யார் மேசையாக இருந்தாலும் போய்க் கேள். உன்னைவிட இளையவன், குறைவாகப் படித்தவன், நீ வெறுப்பவன், யாராக இருந்தாலும் கேள். கேட்டதால் ஒருவனும் செத்ததில்லை. உன் கால்வாயில் வேலை செய்யப்போவது அந்தக் கிராமத்து ஆட்கள்தான். முதல் மாதமே அவர்களுக்கு நீ சொல்லிக்கொடுப்பாய், சங்கு ஊதினால் ஒதுங்கு, கூரைக்கு அடியில் போ என்று. அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுப்பார்கள். ஆகையால் வெள்ளத்துக்கு அந்த மலையில் இதுவரை எவரும் கேட்காத ஒரு சத்தத்தைத் தேடு. எதை அடிக்கலாம் என்று அவர்களையே கேள். ஒத்திகை வை. வைக்கும்போது சங்கைப் பார்க்காதே, அளவுகோலைப் பார்க்காதே, கடிகாரத்தைக்கூட அப்புறம் பார். கால்களைப் பார். எந்தப் பக்கம் போகின்றன என்று பார். ஒரே ஒரு கிழவி வீட்டுக்குள் திரும்பினாலும் உன் ஏற்பாடு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

தாவாவைத் தேடு என்று சொல்லமாட்டேன். எந்தப் பள்ளத்தாக்கு என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவனிடம் ஊர்ப் பெயரைக் கேட்டதில்லை. அவன் பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும், அதையும் நாங்கள்தான் பூட்டி வைத்திருந்தோம். ஆனால் கூட்டத்தில் என் கதையைச் சொன்னாய் அல்லவா, அதே கூட்டத்தில் எழுந்து அவன் பெயரைச் சொல். உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் ராஸ் அல் கைமாவில் ஓர் இரும்புக் கம்பியை வைத்து அறுபது பேரைக் காப்பாற்றினார் என்று சொல். உன் அப்பா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது கேட்டால் அதையும் சொல்.

மூன்றாவது பிரதி நாளைக் காலை மேனேஜர் மேசைக்குப் போகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். தாவாவின் கோப்பைத் திருத்தும்படி கேட்டிருக்கிறேன். அந்த மேசைக்கு முன் நின்று நான் கேட்கப்போகும் முதல் விஷயம் அது, கடைசி விஷயமாகவும் இருக்கலாம். கேன்சல் என்றால் கேன்சல். எப்படியும் அடுத்த மாதம் நானும் அம்மாவும் ஊருக்கு வருகிறோம். முதலில் உன் அத்தை வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறாள் அம்மா. நான் முதலில் முதுகுளத்தூர் பக்கம் போகிறேன். அந்த அம்மாளிடம் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றுதான். பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். "உங்க வீட்டுக்காரர் பெட்டியை எடுக்கப் போகலை, அம்மா. நான் சொன்னதைக் கேட்டுப் போனார்." அதற்குப் பிறகு அவர் என்னை உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டுதான் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இங்கே வரை எழுதியபோது நான்கு மணிச் சங்கு ஊதியது. கேம்பை மேட்டுக்கு மாற்றி வருடங்களாகின்றன, நாங்கள் இருக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்சுக்குக் கல் எட்டாது, கதவைச் சாத்தவேண்டிய அவசியம் எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. வெடிச் சத்தம் அடங்கியபின் பார்க்கிறேன், பேனா மேசைமேல் கிடக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன், கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் என் கையில் இருக்கிறது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ நலமா, தம்பி?

அப்பா